நடந்து வந்தவரை நாற்காலியில் முடக்கியது யார்?

கைத்தடி ஊன்றி, தன் காலால் நடந்து முதியோர் இல்லத்துக்குள் நுழைகிறார் ஒருவர். ஓராண்டு முடிவதற்குள் சக்கர நாற்காலிக்குப் போகிறார். அதற்கடுத்த ஆண்டு படுக்கை. என்ன ஆயிற்று என்று கேட்டால் எல்லா இல்லங்களிலும் ஒரே பதில்தான் வருகிறது: “வயசாயிடுச்சு சார், கால்ல தெம்பு இல்ல.” மகன் தலையாட்டிவிட்டு மாதக் கட்டணத்தைக் கட்டுகிறார். வந்துபோகும் மருத்துவர் ஒரு சத்து மாத்திரை எழுதுகிறார். ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வண்டியேறுகிறார். தெம்பு தானாகப் போயிற்றா, போக்கடிக்கப்பட்டதா என்று இவர்களில் ஒருவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காத அத்தனை பேரையும் கண்டிக்கவே இதை எழுதுகிறோம்.

முதுமையில் தசையும் அதன் வலுவும் தேய்ந்துபோவதற்கு மருத்துவத்தில் சார்க்கோபீனியா என்று பெயர். அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் இந்தப் பெயரை வைத்தார். 2016இல் அந்நாட்டின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணே கிடைத்துவிட்டது. நடு வயதைத் தாண்டியபின் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு தசை குறைகிறது. வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. இந்த அளவுக்கு இயற்கையின் மீது பழி போடலாம். அதற்கு மேல் நடப்பதற்கு மனிதர்கள்தான் பொறுப்பு. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதுள்ள, நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களைப் 10 நாள் படுக்கையைவிட்டு இறங்காமல் இருக்கச் செய்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. நோயில்லாதவர்களுக்கு, வெறும் பத்தே நாளில், இந்தக் கதி. நம் இல்லங்களில் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள் மாதக்கணக்கில் கட்டிலுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இடையே காலம் தள்ளுகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பராமரிப்பு இல்லங்களில் இருப்போரில் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்குச் சார்க்கோபீனியா இருப்பது தெரியவந்ததில் வியப்பில்லை.

தசை போனால் அழகு போய்விடும் என்று யாரும் இங்கே கவலைப்படவில்லை. தொடையில் வலு இல்லாதவரால் கழிப்பறை இருக்கையிலிருந்து எழ முடியாது. தடுமாறும்போது காலை ஊன்றிச் சமாளிக்க முடியாது, விழுவார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். விழுங்குவதும் இருமுவதும்கூடத் தசையின் வேலைதான். அவை தளர்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருகிறது. உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் தசையே என்பதால், அது குறையக் குறைய நீரிழிவும் கட்டுக்கு அடங்குவதில்லை. இறப்புச் சான்றிதழில் ‘முதுமை’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோ எழுதப்படும் பல மரணங்களின் தொடக்கம், யாரோ ஒருவர் “நீங்க எழுந்திருக்க வேணாம் பாட்டி, நான் எடுத்துட்டு வரேன்” என்று சொன்ன நாளில் இருக்கிறது.

ஓர் இல்லத்தின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, கூடத்தில் வரிசையாக உட்கார வைக்கிறார்கள். எதிரே தொலைக்காட்சி ஓடுகிறது. சாப்பாடு உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. மதியம் படுக்கை, மாலையில் மீண்டும் நாற்காலி, ஏழு மணிக்கெல்லாம் இரவு உணவு முடிந்து விளக்கணைப்பு. இதில் ஒருவர் தானாக எழுந்து நடக்க வேண்டிய தருணம் ஒன்றுகூட இல்லை. எழுந்தாலும் “உக்காருங்க, விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?” என்ற அதட்டல் காத்திருக்கிறது. ஆளுக்குத் துணையாக நடந்து கழிப்பறை போய்வரப் பத்து நிமிடம் ஆகும்; சக்கர நாற்காலியில் தள்ளினால் இரண்டு நிமிடம்; டயப்பர் கட்டிவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் மிச்சம். நடமாட்டம் இருந்தும் டயப்பர் கட்டப்படுகிறது என்றால் அது இல்லத்தின் வசதிக்காகக் கட்டப்படுவது. அதற்கான கட்டணத்தையும் குடும்பத்திடமே வாங்கிக்கொள்வது கொடுமையிலும் கொடுமை.

இதில் ஆயாக்கள் மீது பழியைப் போட்டுத் தப்பிக்க நிர்வாகங்களை விட மாட்டோம். குறைந்த சம்பளத்தில், முதியோர் உடலைப் பற்றி ஒரு நாள் பயிற்சிகூடத் தரப்படாமல், ஒரு தளத்தில் இருக்கும் அத்தனை பேரையும் ஒருவராகப் பார்த்துக்கொள்ளும் பெண் வேறு என்னதான் செய்வார்? ஆள் வைக்காதவர்களும் பயிற்சி தராதவர்களுமே குற்றவாளிகள்.

அடுத்தது தட்டு. முதியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013இல் முதுமை மருத்துவ வல்லுநர் குழு ஒன்று வகுத்துக் கொடுத்தது. இளையவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். ஏனெனில் வயதான தசை, கிடைக்கும் புரதத்தை எளிதில் ஏற்பதில்லை. 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு 50 முதல் 60 கிராம் சேர வேண்டும். காலையில் மூன்று இட்லி, நண்பகலில் சோறும் பருப்பு தேட வேண்டிய சாம்பாரும் ரசமும் நீர்மோரும், இரண்டு வேளை டீயும் பிஸ்கட்டும், இரவில் ரவை உப்புமா அல்லது கஞ்சி. கூட்டிப் பாருங்கள், 30 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். பல் இல்லை என்று குழைத்தும் கரைத்தும் கொடுக்கிறார்கள். குழைப்பதில் தவறில்லை, குழைத்ததில் பருப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வயிறு நிறைகிறது, தசை பட்டினி கிடக்கிறது. எடை குறைகிறதா என்று பார்க்கப் பல இல்லங்களில் எடை பார்க்கும் கருவிகூட வேலை செய்யும் நிலையில் இருப்பதில்லை.

இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்கப் பெருஞ்செலவு வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை ஊறவைத்து, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுத்தால் 8, 10 கிராம். சாம்பாரில் பருப்பைக் கூட்டினால் இன்னும் 6, 7 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் அளவு சொல்ல வேண்டும். ஊட்டச்சத்து மாவு டப்பாக்களுக்கு ஆகும் செலவில் இதை இரண்டு மடங்கு செய்துவிடலாம்.

பிறந்த நாளுக்கும் திதிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் நன்கொடையாளர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. வடை பாயசத்தோடு விருந்து போட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். உங்கள் மனம் நல்ல மனம்தான். அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்கான முட்டையோ பாலோ வாங்கிக் கொடுங்கள். அல்லது ஒரு பிசியோதெரபிஸ்டின் ஒரு மாத வருகைக்குக் கட்டணம் கட்டுங்கள். இலையில் விழும் இனிப்பைவிட அது நெடுநாள் நிற்கும்.

“தொண்ணூறு வயசுல உடற்பயிற்சியா?” என்று சிரிக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு செய்தி. அந்தச் சிரிப்பு காலாவதியாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. 1990இல் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் இருந்த பத்துப் பேருக்குக் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் கழித்து, பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. இருவர் கைத்தடியை ஒதுக்கி வைத்தார்கள். அதே குழு 1994இல் 100 பேரிடம் நடத்திய பெரிய ஆய்விலும் பயிற்சி செய்தவர்களின் வலு இரட்டிப்புக்கு மேல் கூடியது. அதில் இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சியில்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசையில் பயன் ஏதும் இல்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணும் இல்லங்களும் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

“நடக்கவிட்டால் விழுவார்கள்” என்பது அடுத்த சாக்கு. ஆஸ்திரேலியாவில் 16 பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 221 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை உடைத்துப் போட்டது. வாரம் இரண்டு முறை எடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் பெற்றவர்களிடையே விழுதல் 55 விழுக்காடு குறைந்தது. விழாமல் காப்பது வலுவுள்ள கால். உட்கார வைப்பது அந்தக் காலையே பறிக்கிறது. அதே நாட்டில் 60 இல்லங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் கூடுதலாகக் கொடுத்த இல்லங்களில் இடுப்பெலும்பு முறிவு 46 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, வெறும் பாலும் தயிரும்.

“ஆள் இல்லை, பணம் இல்லை” என்பது மூன்றாவது சாக்கு. பணமில்லாத அறநிலைய இல்லங்கள் உண்டு. அவற்றின் சிரமத்தை அறிவோம். குறைந்த வசதியிலும் முதியவர்களைக் காலையில் முற்றத்தில் நடக்கவைத்து, தோட்ட வேலையிலும் கீரை ஆய்வதிலும் ஈடுபடுத்தும் இல்லங்கள் இருக்கின்றன, அவற்றை வணங்குகிறோம். ஆனால் மாதம் பல ஆயிரங்கள் வாங்கிக்கொண்டு, விளம்பரத்தில் தோட்டமும் யோகாவும் காட்டி, உள்ளே எல்லோரையும் நாற்காலியில் அடைத்து வைப்பவர்களுக்கு இந்தச் சாக்குச் சொல்ல வாயில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, மணல் நிரப்பிய தண்ணீர்ப் புட்டியைக் கையால் தூக்குவது: தொடங்குவதற்கு இவை போதும். ஒவ்வொருவருக்கும் என்ன அளவு என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் வகுத்துக் கொடுத்தால், அன்றாடம் செய்யவைப்பது பயிற்சி பெற்ற ஆயாவால் முடியும்.

இனி அரசு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, முதியோர் இல்லங்களின் தரத்தையும் அவை தர வேண்டிய சேவைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு 2009இல் அதற்கான விதிகளையும் இயற்றியது. தனியார் இல்லங்களின் பதிவை இறுக்க 2019இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலேயே, அந்த மக்களவையோடு சேர்ந்து 2024இல் காலாவதியானது. அதைக் காட்டி மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 19ஆம் பிரிவே போதும். ஆனால் இன்றுவரை ஆய்வு என்பது பெரும்பாலும் கட்டடத்தைப் பார்ப்பதாகவே இருக்கிறது. கழிப்பறை எத்தனை, கட்டில் எத்தனை, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று எண்ணும் சமூக நலத்துறை, உள்ளே இருக்கும் மனிதர் போன ஆண்டு நடந்தாரா, இந்த ஆண்டு நடக்கிறாரா என்று கேட்பதில்லை. கட்டில் நன்றாக இருக்கிறது. அதைவிட்டு எழத்தான் யாருமில்லை.

இது தமிழ்நாட்டுக்குத் தலைக்குனிவு. இந்தியாவிலேயே முதியோருக்கென முதல் தனி மருத்துவப் பிரிவை 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராஜன். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. இத்தனையும் கையில் இருக்கும் மாநிலம் இது. 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். சுகாதாரத் துறையிடம் அறிவு இருக்கிறது. சமூக நலத்துறையிடம் அதிகாரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடப்பது முதியவரின் கால்.

ஆகவே நாம் கோருவது வேண்டுகோள் அல்ல, திருத்தம்.

முதலாவது, ஒவ்வோர் இல்லத்திலும் நுழையும் நாளிலேயே முதியவரின் எடை, கைப்பிடி வலு, நடைவேகம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம் ஆகியவை பதிவாக வேண்டும். ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோல் தயாராகவே இருக்கிறது: ஐந்து முறை எழ 12 நொடிக்குக் குறையாமல் ஆனாலோ, நொடிக்கு ஒரு மீட்டர்கூட நடக்க முடியாமற் போனாலோ, கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழ் இறங்கினாலோ எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். எடையை மாதந்தோறும், மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நாற்காலியும் கடிகாரமும் இல்லாத இல்லம் தமிழ்நாட்டில் உண்டா?

இரண்டாவது, நடமாட்டம் குறைந்தால் காரணம் காட்டும் பொறுப்பு இல்லத்தின் மீது விழ வேண்டும். அமெரிக்காவில் 1987இல் வந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டத்தின் விதிகள் இதைத்தான் சொல்கின்றன: அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் ஒருவருக்குக் குறையக் கூடாது, குறைந்தால், நோயின் போக்கில் அது தவிர்க்க முடியாதது என்று இல்லம் நிறுவ வேண்டும். ஒரே மாதத்தில் எடை 5 விழுக்காடு குறைந்தால் அங்கே அது பதிவாகிறது. அங்கும் மோசமான இல்லங்கள் உண்டு. ஆனால் கேள்வி கேட்க அங்கே ஒரு விதி இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

மூன்றாவது, நடக்கக்கூடிய ஒருவருக்கு டயப்பர் கட்டவும் நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் வைக்கவும் மருத்துவரின் எழுத்துபூர்வமான காரணமும் குடும்பத்தின் அறிதலும் முதியவரின் சம்மதமும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நான்காவது, புரதக் கணக்கோடு கூடிய வாராந்திர உணவுப் பட்டியல் சமையலறை வாசலில் தொங்க வேண்டும்.

ஐந்தாவது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்டுகளின் பயணப் பட்டியலில் பதிவுபெற்ற ஒவ்வொரு முதியோர் இல்லமும் இடம்பெற வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளாவது பயிற்சி நடக்க வேண்டும். கட்டணம் வாங்கும் இல்லங்கள் தங்கள் செலவில் பிசியோதெரபிஸ்டை அமர்த்திக்கொள்ளட்டும். ஆயாக்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரிகள் பயிற்சி அளிக்க வேண்டும்.

ஆறாவது, இவற்றை மீறும் இல்லத்தின் பதிவு புதுப்பிக்கப்படக் கூடாது. அங்கிருக்கும் முதியோரைத் தெருவில் விடாமல் மாற்றிடம் கொடுப்பதும் அரசின் வேலை.

பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. சேர்த்ததற்காக உங்களைக் குறைசொல்ல வரவில்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைப்பு நடத்துவோருக்கு வேறு வழியில்லாமல் போகலாம். ஆனால் வீடியோ அழைப்பில் “சாப்டியாம்மா, தூங்கினியாம்மா?” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். “இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தே? எழுந்து நின்னு காட்டு, பாக்கலாம்” என்று கேளுங்கள். எடைப் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏசி அறை, ஆர்.ஓ. தண்ணீர், சிசிடிவி என்று விசாரித்துக் கட்டணம் கட்டுகிறவர்கள், நிர்வாகியிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: போன ஆண்டு இங்கே நடந்து வந்தவர்களில் இன்று எத்தனை பேர் நடக்கிறார்கள்? பதில் தெரியாது என்று சொல்லும் இல்லத்தில் உங்கள் தாயை விடாதீர்கள்.

சமூக நலத்துறை இந்த விதிகளை 90 நாட்களுக்குள் அரசாணையாக வெளியிட வேண்டும். முதல் அளவீட்டின் முடிவுகளை மாவட்ட வாரியாக, இல்லம் வாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும். வைத்தால் எந்த இல்லம் முதியோரைக் காக்கிறது, எது அவர்களைச் சேமித்து மட்டும் வைக்கிறது என்பது நாட்டுக்குத் தெரிந்துவிடும். வைக்க மறுத்தால், அந்தக் கணக்கு தெரியக் கூடாது என்று நினைப்பது இல்லங்கள் மட்டுமல்ல, அரசும்தான் என்று முடிவு செய்வோம். அதை எழுதவும் செய்வோம்.